ஆளுமைத் தேர்வு: ஐவர் எதிரே உட்காரப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி அலுவலர்கள், ஒரு கால்நடை மருத்துவர் என ஆறு பேர் சேர்ந்து, குடிமைப் பணித் தேர்வின் கடைசிப் படிக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்கு மாதிரி நேர்முகத் தேர்வு நடத்தி வருகிறோம். நான் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவள். முதன்மைத் தேர்வு முடிவு வந்த மறுநாளே தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். ஒவ்வோர் ஆண்டும் புதியவர்கள் கேட்டாலும் சந்தேகங்கள் அவையேதான். ஒருவருக்குச் சொன்னது அடுத்தவருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எதிரே எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்கள் யார்?

மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் ஆளுமைத் தேர்வு, அதாவது நேர்முகத் தேர்வு, டெல்லி ஷாஜஹான் சாலையில் உள்ள தோல்பூர் ஹவுஸில், ஆணையத்தின் அலுவலகத்திலேயே நடக்கிறது. ஆணைய உறுப்பினர் ஒருவர் தலைமை வகிப்பார். அவருடன் பெரும்பாலும் நான்கு பேர் இருப்பார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகள், பேராசிரியர்கள், ஏதேனும் ஒரு துறையில் வல்லுநர்கள் என்று அவர்கள் பல வகை. ஏறத்தாழ அரை மணி நேரம் நடக்கும். ஒரே நேரத்தில் பல அறைகளில் பல குழுக்கள் அமர்ந்திருக்கும். உங்களுக்கு எந்தக் குழு என்பது அன்று அங்கே போன பிறகுதான் தெரியும்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1 நேர்முகத் தேர்வு சென்னை பூங்கா நகரில் உள்ள ஆணைய அலுவலகத்தில் நடக்கும். அங்கும் ஒரு குழுதான் கேட்கும். கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

இதற்கு எத்தனை மதிப்பெண்? இதில் தோற்றால் எழுத்துத் தேர்வில் எடுத்ததெல்லாம் வீணா?

முதன்மைத் தேர்வுக்கு 1750, ஆளுமைத் தேர்வுக்கு 275, மொத்தம் 2025. குரூப் 1 தேர்வில் தரவரிசைக்குச் சேரும் எழுத்துத் தேர்வு மதிப்பெண் 750, நேர்முகத் தேர்வு 100. ஆளுமைத் தேர்வில் இவ்வளவு எடுத்தால்தான் தேர்ச்சி என்ற வரம்பு கிடையாது. ஆகவே 'தோற்பது' என்ற ஒன்று இங்கே இல்லை. இரண்டையும் கூட்டித்தான் தரவரிசை போடுகிறார்கள். நீங்கள் எழுத்துத் தேர்வில் எத்தனை எடுத்தீர்கள் என்பதும் குழுவுக்குத் தெரியாது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகும் எல்லோரும் அந்த வகையில் சமம்.

நேர்முகத் தேர்வுக்கு அளவுக்கு மீறி மதிப்பெண் வைத்தால் வேண்டியவர்களுக்கு அள்ளிப் போட வழியாகிவிடும் என்ற அச்சம் நம் நாட்டில் பழையது. 1985இல் அசோக் குமார் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஹரியானா மாநிலத் தேர்வில் நேர்முகத்துக்கு வைத்திருந்த பங்கு மிக அதிகம் என்று சொல்லி, பொதுப் போட்டியாளர்களுக்கு 12.2 சதவீதம் என்ற அளவைக் காட்டியது. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகள் பலவற்றுக்கு 2016 ஜனவரி முதல் நேர்முகமே நீக்கப்பட்டுவிட்டது. இவ்வளவு கட்டுப்பாடுகளுக்குப் பிறகும் இது விடாமல் வைக்கப்பட்டிருக்கும் இடம் உயர்நிலைப் பணி. அங்கே மனிதரை நேரில் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது என்பது என் எண்ணமும்கூட.

மறுபடியும் எல்லாப் புத்தகங்களையும் முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

வேண்டாம். தேர்வு விதிகளிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. இது குறுக்கு விசாரணை அல்ல, இயல்பாக நடக்கும், ஆனால் ஒரு நோக்கத்தோடு செலுத்தப்படும் உரையாடல் என்று விதி சொல்கிறது. பார்க்கப்படும் பண்புகளையும் பட்டியலிடுகிறது: மனவிழிப்பு, தெளிவாகவும் தர்க்கமாகவும் எடுத்துச் சொல்லும் திறன், நடுநிலையான மதிப்பீடு, ஆர்வங்களின் பரப்பும் ஆழமும், தலைமைப் பண்பு, அறிவு நேர்மை, ஒழுக்க நேர்மை. உங்கள் அறிவை எழுத்துத் தேர்வு ஏற்கெனவே அளந்துவிட்டது.

நாளிதழை மட்டும் விடாமல் படியுங்கள். படித்ததும் மூடி வைத்துவிட்டு, 'இதில் என் கருத்து என்ன, அதற்கு எதிர்க்கருத்து என்ன' என்று இரண்டு நிமிடம் வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். மனத்துக்குள் தெளிவாகத் தெரிவது வாயைத் திறந்ததும் குழம்பும். அந்தக் குழப்பம் அங்கே போய் நேராமல் வீட்டிலேயே நேர்ந்து தீரட்டும்.

எல்லாம் விண்ணப்பப் படிவத்திலிருந்துதான் கேட்பார்கள் என்கிறார்களே, அப்படி அதில் என்ன இருக்கிறது?

உங்கள் வாழ்க்கையே இருக்கிறது. பிறந்த ஊர், படித்த பள்ளி, பட்டம், விருப்பப் பாடம், பார்த்த வேலை, பொழுதுபோக்கு, விரும்பும் பணிகளின் வரிசை எல்லாம் அந்த விரிவான விண்ணப்பப் படிவத்தில் நீங்களே நிரப்பியவை. குழுவினர் கையில் உங்களைப் பற்றி இருப்பது அந்தத் தாள்கள்தான். ஐந்து பேரும் ஐந்து மூலைகளிலிருந்து அதையே படிப்பார்கள். பொறியாளர் ஒருவர் உங்கள் பட்டத்தைப் பிடித்துக்கொள்வார், ஆட்சியராக இருந்தவர் உங்கள் மாவட்டத்தைப் பிடித்துக்கொள்வார்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண் வந்தார். இயந்திரப் பொறியியல் படித்தவர், அப்பா உப்பளத்தில் கணக்குப் பார்த்தவர். "உங்கள் மாவட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும், முத்து நகரம், துறைமுகம், வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம், 1986இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த மாவட்டம் என்று மனப்பாடமாக ஒப்பித்தார். எல்லாம் சரியான தகவல்கள். ஆனால் அந்த ஊரில் யார் வளர்ந்திருந்தாலும், வளராமலே இருந்திருந்தாலும், அதையே சொல்ல முடியும்.

பிறகு நாங்கள் உப்பளம் பற்றிக் கேட்டோம். மழைக்காலத்தில் உப்பு வாருவது நின்றுவிடும், அந்த மாதங்களில் கூலி கிடையாது, அதற்காக மாநில அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது, ஆனால் தொழிலாளியாகப் பதிவு செய்யாதவர்களுக்கு அது எட்டாது என்றார். வெயில் உப்பில் பட்டுத் திரும்பிக் கண்ணில் அடிப்பதைப் பற்றியும், வெறுங்காலோடு பாத்தியில் நிற்கும் பெண்களைப் பற்றியும் சொன்னார். "இயந்திரம் கொண்டுவரலாமே?" என்று நண்பர் கேட்டார். சிறு பாத்திகளில் எந்த இயந்திரம் இறங்கும், எது இறங்காது, யாருடைய கூலி போகும் என்று சொல்லிக்கொண்டே போனார். மாவட்டமும் பட்டமும் குடும்பமும் ஒரே பதிலில் வந்து சேர்ந்துவிட்டன. படிவத்தின் ஒவ்வொரு சொல்லையும் இப்படித் தோண்டிப் பாருங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் என்று குறிப்பேட்டில் ஒதுக்குங்கள். 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த ஊர் அது. அந்தக் கேள்வியும் வரும் என்று எதிர்பார்த்து, அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொன்னோம்.

பொழுதுபோக்கு என்று 'கோலம் போடுவது' என எழுதிவிட்டேன். சிறுபிள்ளைத்தனமாக இருக்குமோ?

உண்மையாகவே நாள்தோறும் போடுகிறவர் என்றால் அதைவிட நல்ல விடை இல்லை. சிக்குக் கோலத்தில் புள்ளி வரிசை எப்படி அமைகிறது, ஒரே கோடு கை எடுக்காமல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வருவது எப்போது முடியும் என்று யோசித்திருக்கிறீர்களா? சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் 1970களில் கோலங்களைக் கணினி அறிவியலின் வடிவ மொழிகளோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு போங்கள். போடாமலே எழுதியிருந்தால் அதுதான் ஆபத்து. மூன்றாவது துணைக் கேள்வியில் வெளுத்துவிடும்.

பதில் சொல்லும்போது கேட்டவரையே பார்க்க வேண்டுமா, ஐந்து பேரையும் பார்க்க வேண்டுமா?

கேட்டவரிடம் தொடங்குங்கள். பதில் நீளும்போது மற்றவர்கள் பக்கமும் இயல்பாகப் பார்வை போகட்டும். முடிக்கும்போது மறுபடி கேட்டவரிடம் வந்துவிடுங்கள். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும்போது ஒருவரிடம் பேசிக்கொண்டே பக்கத்து இலைக்காரர்களையும் பார்த்துக்கொள்வோம் அல்லவா, அவ்வளவுதான். மின்விசிறி திரும்புவதுபோல் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று தலையைத் திருப்பப் பழகி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது பார்ப்பவர்களைக் களைப்படையச் செய்கிறது.

தலைவர் நடுவில் இருப்பதால் எல்லாப் பதிலையும் அவருக்கே சொல்லும் பழக்கமும் பலருக்கு இருக்கிறது. கேட்ட உறுப்பினர் தன்னை விட்டுவிட்டதாக உணர்வார். கேள்வி யாருடையதோ, பதிலும் முதலில் அவருடையது.

தமிழில் பேசலாமா? மொழிபெயர்ப்பாளர் இருந்தால் மதிப்பெண் குறைந்துவிடும் என்கிறார்கள்.

பேசலாம். விதிகளுக்கு உட்பட்டு, விண்ணப்பத்திலேயே அதைத் தெரிவித்துவிட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அறையில் இருப்பார். தமிழ் வழியில் பேசித் தேர்வானவர்கள் இருக்கிறார்கள். குறைத்துப் போடுகிறார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

ஆனால் அதற்கென்று தனிப் பயிற்சி தேவை. நீங்கள் ஒரே மூச்சில் எட்டு வாக்கியங்களை அடுக்கினால், இன்னொருவர் அத்தனையையும் நினைவில் ஏந்தி வேறொரு மொழியில் இறக்க வேண்டும். இரண்டு மூன்று குறுவாக்கியங்கள், ஒரு நிறுத்தம் என்று பேசுங்கள். 'ஆற்றோடு போகிறவனுக்கு ஊர்ப்போக்கு எதற்கு' போன்ற பழமொழிகளைத் தவிர்த்துவிடுங்கள், அவை மறுகரை சேராது. மாதிரித் தேர்விலும் நடுவில் ஒரு நண்பரை உட்கார வைத்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். உங்கள் பேச்சில் எது கைமாறுகிறது, எது சிந்திப்போகிறது என்று அப்போது தெரியும். மொழி எதுவானாலும், எந்த மொழியில் உங்களால் சிந்தித்தபடியே பேச முடிகிறதோ, அதைத் தேர்ந்தெடுங்கள். கௌரவத்துக்காக ஆங்கிலத்தையும் பிடிவாதத்துக்காகத் தமிழையும் எடுக்காதீர்கள்.

தெரியாத கேள்வி வந்தால் ஊகித்துச் சொல்லலாமா?

தகவல் தெரியாவிட்டால், "தெரியவில்லை ஐயா" என்று முகம் வாடாமல் சொல்லிவிடுங்கள். ஆண்டு, பெயர், எண் இவற்றில் ஊகம் கூடாது. மேலே சொன்ன பண்புகளில் அறிவு நேர்மை என்று ஒன்று இருந்ததல்லவா, அது அளக்கப்படும் நொடி இதுதான்.

கருத்துக் கேள்வி என்றால் வேறு கதை. "இதை நான் படித்ததில்லை. யோசித்துச் சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டுவிட்டு, வாய்விட்டே யோசியுங்கள். தவறான முடிவுக்கு வந்தாலும் பரவாயில்லை. குழுவில் ஒருவர் ஒரு நூலிழை எடுத்துக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு திருத்திக்கொள்ளுங்கள். எங்கள் மாதிரித் தேர்வுகளில் எனக்கு நினைவில் நிற்பவர்கள் பெரும்பாலும் அப்படித் திருத்திக்கொண்டவர்கள்தான்.

ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் முடியும் முன்பே இன்னொருவர் குறுக்கிட்டால் என்ன செய்வது?

நிறுத்திவிட்டுப் புதிய கேள்விக்குச் செல்லுங்கள். குறுக்கிட்டவருக்கு உங்கள் பதில் போதும் என்று தோன்றியிருக்கலாம், நேரமும் குறைவு. முந்தையதில் மிக முக்கியமான ஒன்று விட்டுப்போயிருந்தால் மட்டும், புதியதை முடித்துவிட்டு, முன்னவரைப் பார்த்து ஒரே வாக்கியத்தில் சேர்க்கலாம். இருவர் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டால் ஒரு நொடி பேசாமல் இருங்கள். அவர்களில் ஒருவர் மற்றவருக்கு வழிவிடுவார்.

ஒரு உறுப்பினர் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார், இன்னொருவர் வாயே திறக்கவில்லை. என்னைப் பிடிக்கவில்லையா?

சென்ற ஆண்டு எங்கள் குழுவில் கால்நடை மருத்துவர் முழு நேரமும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அன்று பல்வலி. அந்தப் பையன் பாதி நேரம் அவர் முகத்தையே படித்துக்கொண்டிருந்ததில் இரண்டு எளிய கேள்விகளைக் கோட்டைவிட்டான். முகம் சொல்லும் செய்தி எதுவென்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அதைப் படிக்கும் வேலையை விட்டுவிடுங்கள்.

கடுமையாகக் கேட்பவர் சில சமயம் வேண்டுமென்றே கேட்கிறார். நாளை ஆட்சியர் அலுவலக வாசலில் குடிதண்ணீர் இல்லாமல் காலிக் குடங்களோடு நூறு பேர் நிற்கும்போது உங்கள் குரல் உயருமா என்பது அவருக்குத் தெரிய வேண்டும். கேள்வியில் உள்ள காரத்தைத் தள்ளிவிட்டு அதன் பொருளுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பேசாமல் இருப்பவரையும் மறக்க வேண்டாம். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

காவிரி, நீட், மொழிக் கொள்கை: தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களிடம் இதையெல்லாம் கேட்பார்களாமே! நம் பக்கத்தை விட்டுக்கொடுத்துப் பேச வேண்டுமா?

கேட்பார்கள். அதிலும் ஒருவர் உங்களை இந்தப் பக்கமும் இன்னொருவர் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்ப்பார். ஐந்து பேரையும் மகிழ்விக்கும் பதில் என்று ஒன்று இல்லை. முதல் ஆளுக்கு ஒத்துப்பாடிவிட்டு இரண்டாம் ஆள் முறைத்ததும் மாற்றிக்கொண்டால், அறையில் எல்லோருக்கும் அது தெரிந்துவிடும். கேள்வியைப் பொறுத்துத்தான் பதில், கேட்பவரைப் பொறுத்து அல்ல. இத்தனை ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரே பாடம் இது.

காவிரியை எடுத்துக்கொள்வோம். 2007இல் நடுவர் மன்றம் கர்நாடகம் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. தர வேண்டும் என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம், பெங்களூரின் குடிநீர்த் தேவையையும் தமிழ்நாட்டின் நிலத்தடி நீரையும் கணக்கில் எடுத்து அதை 177.25 ஆகக் குறைத்தது. அதே ஆண்டு காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வந்தது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் சிக்கல் எழுவதில்லை. பற்றாக்குறை ஆண்டில் இழப்பை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் மோதல். இந்த அளவு தகவலோடு, தஞ்சைக் குறுவை விவசாயியின் கவலையையும் மாண்டியா விவசாயியின் கவலையையும் அவரவர் சொல்வதுபோலவே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதன்பின் உங்கள் நிலைப்பாட்டைத் தயங்காமல் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் உரிமையை நீங்கள் மறைக்க வேண்டியதில்லை. நாளை கர்நாடகப் பிரிவிலேயே உங்களுக்குப் பணி கிடைத்தாலும் நேர்மையாக வேலை செய்வீர்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வர வேண்டும். நீட்டுக்கும் மொழிக்கும் இதே வழிதான்.

மூன்று ஆண்டு வேலை இல்லாமல் படித்துக்கொண்டே இருந்தேன். "அந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள்" என்று கேட்டால்?

"தேர்வுக்குப் படித்தேன். மாலையில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்." செய்திருந்தால் அப்படியே சொல்லுங்கள். செய்யாமல் இருந்தால் முதல் வாக்கியம் மட்டும் போதும். அதற்காகக் குன்றிப்போக வேண்டாம், ஒரு தொண்டு நிறுவனத்தைக் கற்பனையாக உருவாக்கவும் வேண்டாம். கல்லூரியில் குறைந்த மதிப்பெண், விட்டுவந்த வேலை ஆகியவற்றுக்கும் இதுவே. பழைய முதலாளியையோ கல்லூரியையோ குறை சொல்லத் தொடங்கினால் பேச்சு அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

மாதிரி நேர்முகத் தேர்வு எத்தனை எடுக்க வேண்டும்?

மூன்று போதும், நான்குக்கு மேல் வேண்டாம். ஒரு பயிற்சி மையத்தில் "சிரித்துப் பேசு" என்பார்கள், அடுத்ததில் "சிரிக்காதே" என்பார்கள். பதினொரு மாதிரித் தேர்வுகள் முடித்து எங்களிடம் வந்த ஒருவரிடம், பெயரைக் கேட்டால்கூடப் பதில் பளபளவென்று வந்தது. அவரை அங்கே காணவே முடியவில்லை. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் தமிழ்நாடு அரசு நடத்தும் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையத்தில் மாதிரி ஆளுமைத் தேர்வு நடக்கிறது. அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு வர வசதி இல்லாதவர்கள் ஊரிலேயே குழு அமைக்கலாம். தலைமை ஆசிரியர், கூட்டுறவு வங்கிச் செயலாளர், கிராம சுகாதார செவிலியர், ஒரு வழக்கறிஞர், நன்றாகக் கேள்வி கேட்கும் ஒரு விவசாயி. ஐந்து பேரும் உங்கள் படிவத்தைப் படித்துவிட்டு வரட்டும். தேர்வு பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாமல் இருப்பது நல்லதே, பாடம் செய்த பதில்கள் அங்கே உதவாது. கைப்பேசியில் பதிவு செய்து ஒருமுறை பாருங்கள். ஒரு முறை போதும்.

என்ன உடுத்துவது?

சுத்தமான, நன்றாகத் தேய்த்த, ஏற்கெனவே இரண்டு மூன்று முறை அணிந்து பழகிய உடை. பெண்கள் சேலையோ சல்வாரோ எதுவும் உடுத்தலாம். சேலை கட்டிப் பழக்கமில்லாதவர் அன்று முதல்முறையாகக் கட்ட வேண்டாம். ஜனவரியில் அழைப்பு என்றால் டெல்லிக் குளிருக்குக் கம்பளி ஆடை கட்டாயம்.

அன்று அங்கே போனதும் என்ன நடக்கும்?

காலை, பிற்பகல் என்று இரண்டு அமர்வுகள். கைப்பேசியை உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பார்கள், அதனால் சாதிச் சான்று முதல் பட்டம் வரை பெயரும் எழுத்தும் ஒத்திருக்கின்றனவா என்று ஒரு மாதம் முன்பே பாருங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில் கட்டணம் விதிப்படி திருப்பித் தருவார்கள், டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு காத்திருப்பு. உங்கள் குழுவில் கடைசி ஆளாக அழைக்கப்பட்டால் சில மணி நேரம்கூட ஆகலாம். பக்கத்தில் இருப்பவர்களோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருங்கள். வாய் திறந்து பழகியிருக்கும்.

சென்ற முறை மதிப்பெண் மிகக் குறைவு. என் ஆளுமையே அவ்வளவுதானா அம்மா?

இந்தக் கேள்வியை ஒரு பையன் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் கேட்டான். அன்று சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இல்லை. ஒரே ஆள் அடுத்தடுத்த ஆண்டுகளில் வெவ்வேறு குழுக்களிடம் மிகவும் மாறுபட்ட மதிப்பெண் வாங்குவது வழக்கமாக நடக்கிறது. அரை மணி நேரத்தில் ஐந்து பேர் கேட்டதற்குக் கிடைத்த எண் அது, உங்களுக்குக் கிடைத்த எண் அல்ல.

அவனிடம் சென்ற முறை என்னென்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். நான்கு கேள்விகள்தான் நினைவில் இருந்தன. அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன்: நன்றி சொல்லி வெளியே வந்ததும், ரயில் ஏறும் முன்பே, எந்த இடத்தில் இருந்தவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று வரிசையாக எழுதிவிடுங்கள். தேர்வாகிவிட்டால் அந்தத் தாள்களை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த பிப்ரவரியில் உங்கள் மாவட்டத்திலிருந்து வேறொரு பிள்ளை வந்து எங்கள் எதிரே உட்காரும்.